பிள்ளை கழட்டிய பொருட்களின் கணக்கு

இன்று காலை மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறினேன். கையில் பட்டது நீ விட்டுப்போன அளவு நாடா. தோல் உறை பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பாசியும் ஈரத் தோலும் கலந்த கிணற்று வாசம். தேடி வந்ததை மறந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

நீ போன பிறகு நான் கிணற்றை அளக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அளவு எழுதுகிற கொப்பியில் கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வெறுங்கோடுகள்தான் இருக்கின்றன.

இரண்டாவது, உன் பெறாமகள், அதுதான் என் மகள், உயர்தரச் சோதினையில் பாஸ். நல்ல பாஸ். பொறியியலுக்குக் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறி முதலாவது, எது இரண்டாவது என்று வரிசையாக எண் போட வேண்டும். அந்த வரிசையைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள். வருகிற வெள்ளியோடு முடிகிறது. அந்தத் தாள் நாலு நாளாக மேசையில் கிடக்கிறது. ஒரு எண்கூடப் போடவில்லை. எனக்குக் கேட்க ஆளில்லை.

நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சாதாரண தரச் சோதினையோடு நான் நின்றுவிட்டேன், நீ எஞ்சினியராகும்வரை போய்க்கொண்டே இருந்தாய். பிறகு பருத்தித்துறையில் என் வீட்டுப் படலையை நீ திறந்தது, கிணறுகளில் உவர் ஏறுகிறதா என்று பார்க்கிற கந்தோர் வேலையாக. தலையில் தொப்பி, தோளில் இந்த நாடா. கழுத்து வெயிலில் கறுத்திருந்தது. நாடாவின் நுனியில் பள்ளிக்கூடத்து வெண்கட்டியைப் பூசிக் கிணற்றில் இறக்கினாய். மேலே எடுத்ததும் வெண்கட்டி எதுவரை நனைந்திருக்கிறது என்று காட்டினாய். “நனைஞ்ச கோடு பொய் சொல்லாது” என்றாய். ஒவ்வொரு வெள்ளியும் கோயிலால் வந்து நானே அளந்து எழுதித் தரட்டோ என்று கேட்டேன். சிரித்தாய், நாடாவை என்னிடமே விட்டுப்போனாய். அன்றிலிருந்து நான் உனக்குக் கணக்கப்பிள்ளை. உங்கள் கந்தோர்க் கொப்பியைவிட என்னுடைய கொப்பி திறம் என்று நீ சொன்னதை இவருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் தெரியுமா?

பிள்ளை உயர்தரம் படித்த காலம். நீ கிணற்றுக்கட்டில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாய். மகள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டாய். எஞ்சினியர் என்றேன்.

“என்ன எஞ்சினியர்?”

“எஞ்சினியர் எண்டால் எஞ்சினியர்தானே.”

நீ கோப்பையைக் கீழே வைத்தாய். “எங்கடை ஆக்களுக்கு டொக்டரிலை கண் டொக்டர், பல் டொக்டர், எலும்பு டொக்டர் எல்லாம் தெரியும். எஞ்சினியர் மட்டும் ஒரே சாதி” என்றாய். பட்டறையில் படகு எஞ்சின் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த இவர் அங்கிருந்தே குரல் விட்டார். “நான் எஞ்சின் திருத்திறன், அவள் எஞ்சினியர். ஒரு ‘யர்’தானே கூட.”

அன்றைக்கு வீட்டு வளவைச் சுற்றி எனக்குப் பாடம் எடுத்தாய். கிணற்றுக் கட்டும் தண்ணீர்த் தாங்கியும் சிவில். மோட்டருக்கு வருகிற கரண்ட் இலெக்ரிக்கல், அதில் சுழல்கிற பாகம் மெக்கானிக்கல். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் கெமிக்கல். வாளி துருப்பிடிக்காமல், கயிறு அறாமல் இருக்க அதை எதனால் செய்வது என்று பார்ப்பது மெற்றீரியல்ஸ். “மெற்றீரியல் எண்டால் சட்டைத் துணியெல்லோ?” என்று நான் கேட்க, நீ கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். துணிக்கும் தனியாக ஒன்று இருக்கிறதாம். போனின் உள்பாகம் இலெக்ரோனிக்ஸ், அதற்குப் புத்தி சொல்வது கொம்பியூட்டர். இவரின் எண்ணெய்த் தகரங்களில் ஆங்கில எழுத்துப் பழகியவள் நான். எல்லாவற்றையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பெயரைப் பாடமாக்கி ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாய். அநேகமான இடங்களில் முதல் வருடம் எல்லாருக்கும் பொது, பிறகு புள்ளியைப் பார்த்துத்தான் துறை கொடுப்பார்கள், விரும்பினது கிடைக்காமலும் போகும் என்றாய். படித்தது ஒன்று, செய்கிற வேலை ஒன்று என்றும் ஆகும். உன் நாளில் பாதி ஆட்களோடு கதைப்பதிலும் கடிதம் எழுதுவதிலும் போகிறது என்றாய். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

“பிள்ளை சின்னனிலை எதைக் கழட்டினவள்?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஒண்டும் இல்லை. அவள் ஒரு சாமானிலையும் கை வைக்க மாட்டாள், நல்ல பிள்ளை” என்றேன்.

நான் அதை வளர்ப்பைப் பற்றிய கேள்வி என்றல்லவா நினைத்தேன். ஒரு பெண்பிள்ளை வீட்டுச் சாமானை உடைக்கிறவளா என்று பெரிய உத்தியோகத்தில் இருக்கிற ஒருத்தி கேட்டால் எந்தத் தாய் ஓம் என்பாள்? அந்த நேரம் உள்ளறையில் என் தையல் மெசின் துண்டு துண்டாகக் கிடந்தது. உன் சத்தம் படலையில் கேட்டதும் மேலே ஒரு சீலையைப் போட்டு மூடியவள் நான்.

உன் முகம் சற்று வாடினதுபோல இருந்தது. “அப்ப வேறை மாதிரித்தான் பாக்க வேணும். நான் பிள்ளையோடை ஒருக்காக் கதைக்கிறன்” என்றாய்.

அந்த ஒருக்கால் வரவேயில்லை. நீ வந்த நேரமெல்லாம் அவள் ரியூசனில். சனி, ஞாயிறும் ரியூசன். வீட்டில் நின்றாலும் நான் விடவில்லை. சோதினை முடியட்டும், இப்ப மனதைக் குழப்ப வேண்டாம் என்றேன். நீ கோபிக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது மெலிந்திருந்தாய். அதற்கடுத்த முறை நீ வரவில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் என்று போனில் சொன்னாய்.

சோதினைக்குப் பத்து நாள் இருக்கையில் நீ எடுத்த போனை நான் எப்படி மறப்பது? குரல் காற்றாக வந்தது. “பிள்ளை நிக்கிறாளோ? ஒரு அஞ்சு நிமிசம் தா.” அவள் அடுத்த அறையில் பழைய வினாத்தாள் செய்துகொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் சொன்னேன், “சோதினை முடியட்டும்.”

“சரி கணக்கப்பிள்ளை, முடியட்டும்.”

முடியும்வரை நீ இருக்கவில்லை. இரண்டு பேப்பர் மிச்சம் இருந்தது. செய்தி வந்ததும் முதலில் போனை ஒளித்தேன். நான் உன் செத்த வீட்டுக்கு வரவில்லை. வந்தால் முகத்தில் தெரிந்துவிடும், பிள்ளை உடைந்துபோவாள் என்று பயம். இவர் மட்டும் கடற்கரைக்கு என்று சொல்லி உன்னிடம் வந்தார். திரும்பும் வழியில் யாரோ வீட்டுக் கிணற்றில் முழுகிவிட்டுத் தலை ஈரத்தோடு வந்து, எஞ்சின் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று பிள்ளைக்குக் கதை சொன்னார். ஒரே வாங்கில் இருந்தவளை வழியனுப்ப வராமல் நான் அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். இதை எந்தக் கோயிலில் சொன்னாலும் மனம் ஆறுவதில்லை.

கடைசிப் பேப்பர் எழுதி வந்த அன்று பின்னேரம் அவளை இருத்திச் சொன்னேன். அவள் அழவில்லை.

“தெரியும் அம்மா. சந்தியிலை அன்ரியின்ரை நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பஸ்ஸிலை போகேக்கை பார்த்தனான்.”

“பார்த்திட்டோ போய் எழுதினனி? ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் மறைக்க எவ்வளவு கஷ்டப்பட்டனீங்கள். அதைக் குழப்பக்கூடாதெண்டு விட்டிட்டன்.”

மின்கம்பத்தில் ஒட்டிய உன் படத்தைக் கடந்து போய் அந்தப் பிள்ளை மூன்று மணித்தியாலம் கணக்குச் செய்திருக்கிறாள். நானோ போனை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆளுக்கொரு கதை. கனடாவிலிருந்து இவரின் தம்பி கொம்பியூட்டரைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்கிறார். ரியூசன் வாத்தியார், சிவில் வெயிலில் நிற்கிற வேலை, பெண்பிள்ளைகளுக்குச் சரிவராது என்கிறார். உன் கறுத்த கழுத்தை அவர் காணவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கிளிநொச்சிப் பொறியியல் பீடத்தை முதலாவதாகப் போடச் சொல்கிறா, கிழமைக்கு ஒருக்கால் பிள்ளை வீட்டுக்கு வரலாமாம். தெற்கே போனால்தான் பெயர் என்று இன்னொருவர். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. இவர் மட்டும் மெக்கானிக்கல் என்ற சொல் வரும்போது தன் கிறீஸ் படிந்த கையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

நேற்று பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மூன்று துண்டில் மூன்று துறையை எழுதி, பூவோடு வெற்றிலையில் மடித்து, பூக்கட்டிப் பார்ப்போம் என்று. ஐயர் தட்டை வாங்கி, “என்ன நினைச்சுக் கட்டினனீங்கள்?” என்று கேட்டார். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்க வந்தேனா, எதில் வேலை கிடைக்கும் என்றா, எது எனக்குப் பயமில்லாதது என்றா? கேள்வி தெரியாதவளுக்குச் சாமி என்ன பதில் சொல்வார்? மூன்று மடிப்பையும் பிரிக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று உன் நாடாவை வெளியே எடுத்தேன் அல்லவா, சுற்றுகிற பிடி துருவேறி இறுகிவிட்டிருந்தது. இழுத்த நாடா உள்ளே போகவில்லை. அதை விண்ணப்பத் தாளுக்கு மேலே வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் மேசையில் பழைய பத்திரிகை விரித்து, நாலு ஆணி, ஒரு சுருள், பித்தளைப் பிடி எல்லாம் கழட்டின ஒழுங்கிலேயே வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பிள்ளை தகப்பனின் எண்ணெயைப் விளக்குமாற்று ஈர்க்கில் தொட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் என்னைக் காணவில்லை. ஏழு வயதில் தகப்பனின் எஞ்சினிலிருந்து கார்பரேற்றரைக் கழட்டி அடி வாங்கியபோது இருந்த அதே முகம்.

“அப்ப மெக்கானிக்கல்தானோ?” என்று மெல்லக் கேட்டேன்.

“தெரியாதம்மா. கழட்டிப் பாக்கப் பிடிக்கும். அதுக்கு என்ன பேர் எண்டு தெரியாது. அன்ரிக்குத் தெரிஞ்சிருக்கும்.”

பிடியைச் சுற்றிக் காட்டினாள். நாடா சத்தமில்லாமல் உள்ளே போனது.

உன் கேள்விக்குப் பதில் இப்போது என் கண்முன்னால் இருக்கிறது. அதை எடுத்து, இதற்கு இந்த எண், இதற்கடுத்து அந்த எண் என்று சொல்ல வேண்டியவள் நீ. அந்த அஞ்சு நிமிடத்தை நான்தான் தரவில்லை.

எனக்குத் தெரிந்தது கணக்கு எழுதுவது ஒன்றுதான். அதனால் மத்தியானம் வெண்கட்டி பூசி நாடாவைக் கிணற்றில் இறக்கினேன். நனைந்த கோட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன், வெள்ளி இல்லாவிட்டாலும். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, நீ சொன்ன துறைகளின் பெயருக்குக் கீழே எழுதினேன்: கார்பரேற்றர், சுவர் மணிக்கூடு, ஸ்திரிப்பெட்டி, றேடியோ, சைக்கிள் டைனமோ, சோறு அவிக்கும் கரண்ட் பானை, தண்ணீர் மோட்டர், இரண்டு முறை தையல் மெசின், அன்ரியின் நாடா. திரும்பப் பூட்டியது எது, பூட்டாமல் விட்டது எது என்றும் பக்கத்தில் குறித்தேன். மணிக்கூடு மட்டும் பிறகு ஓடவில்லை. ஒன்றையும் ஒளிக்கவில்லை.

தாளையும் கொப்பியையும் பிள்ளைக்கு முன்னால் வைத்திருக்கிறேன். அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஸ்திரிப்பெட்டியைக் கழட்டினதை நான் கண்டுகொண்டது அவளுக்கு இன்றுதான் தெரியும்போல, சிரிக்கிறாள். பேனை இன்னும் மூடியபடிதான் இருக்கிறது.