நியாயதாசனுக்கு வந்த கேள்வி

மயிலாப்பூர்,
சென்னை-4.
23-12-1973

அன்புள்ள தங்கை ஜானுவுக்கு,

அண்ணா கிச்சா எழுதுவது. இங்கே உன் மன்னி கோமளமும் பெண்கள் இருவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன் என வழக்கமான அடுத்த வரியை எழுதப் போனேன், கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதுவரை மூன்று இன்லண்டு லெட்டர் கிழித்துப் போட்டாயிற்று. "நீங்க எழுதற வேகத்துக்கு தபாலாபீஸையே ஆத்துக்குக் கொண்டுவந்துடலாம்" என்கிறாள் கோமளம். அதனால் வெள்ளைத் தாளிலேயே எழுதுகிறேன். நீளமாகப் போகும். நடுவில் என்மேல் கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி எடுத்துப் படி. பாதியில் விட்டுவிடாதே.

லஸ்ஸில் இருக்கும் எங்கள் வக்கீல் ஸ்ரீனிவாசராகவனை உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக நான் அவரிடம் குமாஸ்தா. உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நாக்பூரில்கூட நீ தேடிப் பிடித்து வாங்குகிறாயே அந்த வாரப் பத்திரிகை, அதில் சட்டக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நியாயதாசன் சாட்சாத் அவர்தான். வக்கீல்கள் தங்களை விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று விதி இருப்பதால் புனைபெயர். பத்திரிகை ஆசிரியரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் ஆத்து மாமிக்கே தெரியாது. "யாரோ நியாயதாசனாம், எவ்வளவு தெளிவா எழுதறார்! நீங்களும் இருக்கேளே" என்று அவரிடமே சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகை ஆபீசிலிருந்து கடிதக் கட்டு வரும். அதைப் பிரித்துப் பொறுக்கி, வியாழன் சாயங்காலம் அவருக்குப் படித்துக் காட்டுவதும், அவர் சொல்லச் சொல்லப் பதிலை எழுதிக்கொள்வதும் என் வேலை. என்னென்ன கேள்விகள் என்கிறாய்! பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் கொல்லைப்பக்கம் சாய்ந்திருக்கிறது, விழுகிற தேங்காய் யாருக்கு? வாடகைச் சீட்டு இல்லாமல் குடிவந்தவர் காலி பண்ண மாட்டேன் என்கிறார், பூட்டை உடைக்கலாமா? மாமியார் தன் நகையெல்லாம் கோவிலுக்கு என்று உயில் எழுதிவிட்டால் மருமகள் ஆட்சேபிக்க முடியுமா? பாதிக் கேள்விக்கு அவருடைய பதில் ஒன்றேதான். பத்திரத்தைப் பார்க்காமல் சொல்வதற்கில்லை, உள்ளூர் வக்கீலைக் கலந்துகொள்ளவும்.

நேரிலும் வருவார்கள். போன மாதம் குளத்தங்கரை ரிக்‌ஷா ஸ்டாண்டிலிருந்து கபாலி என்று ஒருவன் வந்தான். "என் சம்சாரம் அவ ஆத்தா ஊட்லயே குந்திக்கினு கீது சார், கூப்ட்டா வரமாட்டேங்குது, கேஸ் போட்டு இட்டாந்துர முடியுமா?" என்று கேட்டான். எங்கள் வக்கீல், "சேர்ந்து வாழணும்னு கோர்ட்டுல ஆர்டர் வாங்கித் தரலாம்ப்பா. ஆனா அவ மொகத்தைத் திருப்பிண்டு உக்காந்தா அதுக்கு ஆர்டர் கிடையாது. நீ கடைசியா எப்போ போய்க் கூப்ட்டே?" என்றார். அவன் தலையைச் சொறிந்தான். ஆள் விட்டுத்தான் கூப்பிட்டானாம். "நீயே போ" என்று அனுப்பிவைத்தார். "இத்த சொல்றதுக்கு வக்கீலு இன்னாத்துக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

இப்படி ஊரார் குடும்பச் சங்கதியைப் படித்துப் படித்து எனக்குத் தோல் தடித்துப் போயிருந்தது, ஜானு. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வந்த கடிதக் கட்டில், நாலாவதோ ஐந்தாவதோ, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு கடிதம். பெயர் வெளியிட வேண்டாம் என்று மேலேயே எழுதியிருந்தது. உனக்குக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவன் நான். உன் எழுத்தை எனக்குத் தெரியாதா?

அதில் இருந்ததை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் எனக்கு அது மனப்பாடம். "எனக்கு வயது முப்பத்திரண்டு. குழந்தை இல்லை. என் கணவர் வேறு குடித்தனம் வைத்து ஒன்பது மாதமாகிறது. நான் இரண்டு வீட்டில் சமைத்துப் போட்டுக் காலந்தள்ளுகிறேன். அம்மா முன்பே காலமாகிவிட்டார். 1970-ல் அப்பாவும் காலமானபின், அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அண்ணா குடும்பத்துடன் இருக்கிறார். அப்போது வீட்டு வரிக்கு என்று என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். அது என்ன தாள் என்று நான் பார்க்கவில்லை. அண்ணா மீது வழக்குப் போட எனக்கு விருப்பமில்லை. அவர் மனம் கோணாமல் அந்த வீட்டில் ஓர் ஓரமாக நான் இருக்கச் சட்டத்தில் இடம் உண்டா?"

ஒன்பது மாதமாக நீ எனக்கு எழுதிய கடிதத்திலெல்லாம் மாப்பிள்ளை டூரில் இருக்கிறார், டூரில் இருக்கிறார் என்றாயே! அப்படி என்ன டூர் என்று ஒரு தடவையாவது நான் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்யவேண்டி வரும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்கிறது. முன்பின் தெரியாத நியாயதாசனைக் கேட்கத் தோன்றிய உனக்கு, கூடப் பிறந்தவனைக் கேட்கத் தோன்றவில்லை. உன்மேல் குற்றமில்லை.

கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று ஐகோர்ட்டுக்குப் போய் வேறு கேஸ் கட்டை எடுத்துக்கொடுத்துத் திட்டு வாங்கினேன். வியாழனன்று என்ன தோன்றியதோ, அதை மற்றக் கடிதங்களோடு சேர்த்து அவருக்குப் படித்துவிட்டேன். என்ன தோன்றியதோ என்பதும் பொய்தான். நான் தப்பித்துவிடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தேன். அண்ணனாக அல்ல, குமாஸ்தாவாக.

கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்பா சொந்தமா சம்பாதிச்ச வீடு, உயில் இல்லேன்னா பிள்ளைக்கும் பொண்ணுக்கும் சம பங்குடா கிச்சா. பிள்ளை அங்கே குடும்பத்தோட இருக்கற வரைக்கும் பிரிச்சுக் கொடுன்னு அவ கேக்க முடியாது. ஆனா ஆம்படையான் கைவிட்ட பொண்ணு அங்கே வந்து இருக்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஓரமா என்ன, நடுக்கூடத்துலயே இருக்கலாம். எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட தாள், என்று இழுத்தேன். "அது என்ன தாள்னு அந்த அண்ணாக்காரனுக்குத்தான் தெரியும். அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னா ஒரே நாள்ல தீர்ந்துது. இல்லேன்னா இவ கோர்ட்டு படியேறியே கிழவியாயிடுவா" என்றவர், "அவன் மனசு கோணாமன்னு எழுதறா பாரு, இப்படி ஒரு தங்கையை ஏமாத்தினவன் எப்படிப்பட்ட கடங்காரனா இருப்பான்!" என்றார். பேனாவை மூடிவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். அவருக்கு இன்னும் தெரியாது.

அந்தப் பதில் அச்சில் வராது, ஜானு. உன் கேள்வியைப் பத்திரிகைக்கு நான் அனுப்பவில்லை. வாராவாரம் அந்தப் பக்கத்தைப் புரட்டி ஏமாந்து போகாதே. பதில் இதுதான், வக்கீல் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் மேலே எழுதியிருக்கிறேன். அவர் சொல்ல முடியாததை நான் சொல்கிறேன்.

அப்பாவின் பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து, நீ ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாயே, அப்போது நான் நீட்டியது வரித் தாள் இல்லை. வீட்டில் உன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்ததாக நானே எழுதிய விடுதலைப் பத்திரம். கார்ப்பரேஷனில் பெயர் மாற்ற என்று சொன்னேன். நீ படிக்கக்கூட இல்லை. "எங்கே போடணும் கிச்சாண்ணா?" என்று மட்டும் கேட்டாய். விரலால் காட்டினேன். அந்த விரலை என்ன செய்தால் தகும்!

அந்தப் பத்திரத்தை நான் பதிவு செய்யவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, பயம். ரிஜிஸ்டிரார் ஆபீசில் எழுதிக் கொடுப்பவரை நேரில் நிறுத்தி, இது இன்னதென்று தெரிந்துதான் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். உன்னை ரிஜிஸ்டிரார் முன்னால் நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. பதிவுக்கான நாலு மாதக் கெடுவும் போயிற்று. பதிவாகாத பத்திரம் செல்லாது. ஆகவே இன்றைக்கும் வீட்டில் பாதி உன்னுடையது. மூன்று வருஷமாக எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று முழுக்கக் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். தி. நகரில் நகைக்கடை வைத்திருக்கும் நல்லசிவம் என்கிற தெற்கத்திக்காரர் நம் வீட்டைக் கேட்கிறார். விற்றுவிட்டுத் திருவான்மியூரில் ஒரு கிரவுண்டு வாங்கிச் சின்னதாகக் கட்டிக்கொண்டு, மிச்சத்தில் மூத்தவள் கல்யாணத்தை நடத்தலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். "தங்கச்சி கையெழுத்து இல்லாம வாங்க மாட்டேன், சாமி. பொறந்த பொண்ணு வயிறெரிஞ்சா அந்த வீடு எனக்கு வெளங்காது" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் பொங்கலுக்கு வா என்று உனக்கு எழுத இருந்தேன். பட்டுப் புடவை எடுத்து வைத்துக்கொண்டு, நல்லது பொல்லாதது பேசி, இன்னொரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று. உன் கேள்வி மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமை வராமல் இருந்தால் அந்தக் கடிதம் இந்நேரம் உனக்குக் கிடைத்திருக்கும். நீயும், அண்ணா கூப்பிட்டுவிட்டானே என்று ஓடி வந்திருப்பாய்.

கோமளத்திடம் முந்தாநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இதில் எதுவும் அறியாதவள், ஜானு. நீ மனசாரக் கொடுத்துவிட்டதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். கேட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அப்புறம் வந்து, "அவளை ஏமாத்தினேள், சரி. மூணு வருஷமா என்னையும்னா ஏமாத்தியிருக்கேள்! அவ லெட்டர் வரும்போதெல்லாம், கொடுத்துட்டு எவ்வளவு சந்தோஷமா எழுதறா பாருங்கோன்னு பைத்தியம் மாதிரி சொல்லிண்டிருந்தேனே" என்று அழுதாள். நேற்றுக் காலை அப்பாவின் அறையிலிருந்த என் கேஸ் கட்டுகளை எல்லாம் தானே தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு, அறையை அலம்பி விட்டாள். நல்லசிவத்துக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூத்தவள் கல்யாணம் எப்படி நடக்கும் என்று கேட்காதே. எனக்கும் தெரியாது.

நீ வா. நாள் நட்சத்திரம் பார்க்காதே. நான் வந்து அழைத்துவரவா, நீயே கிளம்பி வருகிறாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. நான் வருவது உனக்குப் பிடிக்காவிட்டால் கோமளம் வருவாள். மாப்பிள்ளை விஷயத்தை வந்தபின் நிதானமாகப் பேசலாம், பேச இஷ்டமில்லையென்றால் நான் தோண்டிக் கேட்க மாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று தயங்காதே. சொல்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத்தான் கோமளம் இருக்கிறாள், அவள் வாய் உனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிட்டு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மன்னிக்காமலே வா. உன் வீட்டுக்கு வருவதற்கு என் மனம் கோணுமா என்று நீ பார்க்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதை மட்டும் தட்டாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. அழுகை வந்தாலும், அண்ணாவின் மானம் போய்விடுமே என்று தோன்றினாலும், அடுப்பில் போட்டுவிடாதே. பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டு. இன்றைக்கு எழுதுகிற கிச்சாவை நான் நம்புகிறேன். நாளைக்கு நல்லசிவம் விலையை ஏற்றிக் கேட்டால், மூத்தவளுக்கு ஒரு நல்ல வரன் வந்து நின்றால், அன்றைக்கு இருக்கப் போகிற கிச்சாவைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை. நீ வந்தபின் நான் எந்தத் தாளை நீட்டினாலும், வரி என்று சொன்னாலும் ரேஷன் கார்டு என்று சொன்னாலும், படிக்காமல் கையெழுத்துப் போடாதே. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடு. மீறி வற்புறுத்தினேனானால் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் ஒரு வக்கீலிடம் கொடு. செல்லும். செல்லும்படியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் பகவான் பார்த்துக்கொள்ளட்டும். என்னிடமிருந்தும்.

சுயபுத்தியுடன், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் கைப்பட எழுதிய உன் அண்ணா,
வெ. கிருஷ்ணஸ்வாமி
(காலஞ்சென்ற வெங்கடவரதன் குமாரர், வயது 44)

சாட்சி: கோமளம்.
ஜானு, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீ கிளம்பி வா.