உங்கள் குழம்பைக் கூட்டிய கை

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

நேற்று உங்களுக்கு முதல் வருஷத் தெவசம். நன்றாக நடந்தது. இறால் தொக்கு, மடவை மீன் குழம்பு, அவித்த முட்டை, கொழுந்து வெற்றிலை, பன்னீர் சோடா என்று இலை நிறைய வைத்தோம். உங்கள் மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, தூங்காத கண்ணோடு உட்கார்ந்து கற்பூரம் காட்டினார். ஆனால் குழம்பை நான் கூட்டலாமா கூடாதா என்பது மட்டும் பொழுது உச்சிக்கு வரும்வரை முடிவாகவில்லை. அந்தத் தகராறில் உங்களுக்குச் செய்துகொடுத்த சத்தியம் ஒன்றை மீறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கையைப் பற்றிய தகராறுதான், வேறென்ன. நம் வீட்டில் வேறு எதற்குச் சண்டை வந்திருக்கிறது?

உங்கள் மகன் என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிப் பொன்னேரி வீட்டுக்கு அழைத்து வந்தபோது நான் நேரே வேலையிலிருந்து வந்திருந்தேன். ஐ.டி.ஐ. முடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிட்டர். மிஷின் நின்றால் கழற்றி மாட்டுகிற வேலை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, கையைத்தான் பார்த்தீர்கள்.

"இன்னாடா வேலு, பொண்ணு கை மாரியா கீது? கரி மூட்ட தூக்கினு வந்தவ மாரி கீது. இந்தக் கையால சோத்துப் பானையத் தொட்டா நான் துண்ண மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னபடியே செய்தீர்கள். கல்யாணமாகி வந்ததும் எனக்கென்று கொல்லையில் தனிக் குழாய், தனித் துண்டு, தனி சோப்பு. சோப்பு தனியான கதை ஞாபகம் இருக்கிறதா? ஏதோ அவசரத்தில் உங்கள் சந்தன சோப்பை எடுத்துவிட்டேன். என் விரல் அத்தனையும் அதில் கறுப்பாகப் பதிந்திருந்தது. "யார்றி என் சோப்புல கைநாட்டு வச்சது?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினீர்கள். எதிர்வீட்டில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எங்கள் சனத்தை வைத்துத்தான் நீங்கள் என் கையில் சாப்பிடவில்லை என்று தெருவில் சிலர் பேசினார்கள். நாங்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். நீங்கள் பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டவர்கள். நீங்கள் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, கிரீஸைத்தான் சொன்னீர்கள். கிரீஸ் மட்டும்தானா அத்தை? கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? நான் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் தோன்றவில்லை.

ஆனால் உங்கள் கை மட்டும் என்ன மல்லிகைப்பூவா? விடியுமுன் பழவேற்காட்டு ஏலத்துக்குப் போய்க் கூடையை நிரப்பி, பொன்னேரி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு வருவீர்கள். உங்களுக்கு முன்னால் கவுச்சி வாசலில் நுழையும். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே குழாயடியில் கை கழுவ உட்கார்ந்துவிட்டோம். நீங்கள் புளிச்சக்கையும் கல்லுப்பும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். என் கையைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தீர்களோ, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினீர்கள்.

"இந்தா, இத்த வச்சித் தேய். மீன் கவுச்சியே போவுது, உன் கிரீஸு போவாதா?"

தேய்த்தேன். என் கை அப்படியே இருந்தது, புளிதான் கறுத்தது. உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா எழவு கிரீஸுடி இது!" என்றீர்கள். நான் என் வழியைக் காட்டினேன். ஈரம் படாத கையில் முதலில் தேங்காய் எண்ணெய். கறுப்பு இளகும்வரை விரல் சந்தெல்லாம் தேய்த்து, பழைய பனியன் துணியால் துடைத்து, அப்புறம் சோப்புத்தூளும் சர்க்கரையும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். "ஊட்டுல காப்பிக்கே சக்கர இல்ல, இவ கைக்குப் போடறா!" என்று அதற்கும் ஒரு கத்தல். கறுப்பு போன பிறகு மிச்சமிருந்த வாடைக்கு உங்கள் புளியையும் உப்பையும் போட்டுப் பார்த்தேன். சுத்தமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து குழாயடித் திட்டில் உங்கள் புளிக் கிண்ணமும் என் எண்ணெய் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சோற்றுப் பானை மட்டும் உங்கள் வசத்திலேயே இருந்தது.

இப்போது உங்கள் புளி கம்பெனிக் குழாயடி வரைக்கும் போய்விட்டது, தெரியுமா? புதிதாக இரண்டு பெண்கள் பிட்டராகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு டப்பாவில் கொண்டுபோய் வைத்தேன். ஆம்பளைகளும் எடுத்துத் தேய்க்கிறார்கள், கேட்டால் "நான் இல்லை" என்கிறார்கள். மார்க்கெட்டில் உங்கள் இடத்தை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. பயம் தெளியவில்லை போல.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். லீவு சொல்லித்தான் வைத்திருந்தேன். விடிந்ததும் சூப்பர்வைசர் போன் செய்துவிட்டார். கன்வேயர் கியர்பாக்ஸ் இறுகி நின்றுவிட்டது, கூட வேலை செய்பவர் ஊருக்குப் போயிருந்தார், புதுப் பெண்களுக்கு அந்த மிஷின் இன்னும் பழகவில்லை. படையல் நாளில் எதற்குப் போனாய் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். சொந்த மகன் கல்யாணத்தன்று, இறால் நிறைய விழுந்திருக்கிறது என்று ஏலத்துக்குப் போய், தாலி கட்டும் நேரத்துக்குக் கூடையோடு வந்து நின்றவர் நீங்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பேரிங் மாற்றி, எண்ணெய் ஊற்றி ஓடவிட்டுப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. நன்றாக ஓடுகிற கியர்பாக்ஸின் சத்தம் எனக்குப் பிடிக்கும், என்ன செய்ய.

அவசரத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். கை கழுவுகிற பேஸ்ட் டப்பா காலி. வீட்டுக்குப் போய் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம் என்றில்லாமல், சீக்கிரம் போகட்டும் என்று டீசல் மக்கில் கையை விட்டுவிட்டேன். கறுப்பு பாதிதான் போனது. டீசல் வாடை முழுசாக ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குள் நுழைந்தால் கலா. திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி வந்து, தலைக்கு ஊற்றி, ஈரத் தலையோடு அடுப்படியில் நின்றாள். உங்கள் மகளாயிற்றே, மூக்கு உங்கள் மூக்கு.

"அண்ணி, பெட்ரோல் பங்க்குலருந்தா வர்றீங்க?" என்றாள். சிரித்துக்கொண்டு கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க குழம்பத் தொடாதீங்க. நான் கரண்டியால கலக்கி வச்சிடறேன்."

கரண்டியால்! நீங்கள் குழம்பு கூட்டும்போது கரண்டி கிட்டே வந்ததுண்டா? புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, நசுக்கிய பூண்டு எல்லாவற்றையும் சட்டியில் போட்டுக் கையால் பிசைந்து கரைத்த பிறகுதானே அது அடுப்பேறும்? எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது. உங்களுக்கு என் கையால் செய்து வைக்க வேண்டும் என்று ஒரு மாசமாக ஆசையோடு இருந்தேன் அத்தை. "இரு, கை கழுவிக்கினு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனேன்.

எண்ணெய், துணி, தூள், சர்க்கரை, நகத்துக்குப் பழைய பல் பிரஷ், கடைசியில் புளியும் உப்பும். தோல் எரியத் தேய்த்தேன். வாடை போய்விட்டது. ரேகைக்குள் ஊறியிருக்கிறதைத் தவிர மற்ற கறுப்பும் போய்விட்டது. ரேகையில் இருப்பது எந்தச் சோப்புக்கும் வராது.

கலா பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள்.

"போவல பாருங்க அண்ணி. உங்க மனசு கஷ்டப்படணும்னு சொல்லல. அம்மா இந்தக் கையால ஒரு வாய் துண்ணது இல்ல. அவங்களுக்குப் படைக்கிறது அவங்களுக்குப் புடிச்ச மாரி இருக்க வேணாமா?" சொல்லிக்கொண்டே குழாயை இறுக்கி மூடினாள். "கடைசில சோறே எறங்காம போய்ட்டாங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து தட்டோட உக்காருவேன். பசிக்கல பசிக்கலன்னே சொன்னாங்க. எங்கம்மா பட்டினியாப் போய்ச் சேந்தாங்க அண்ணி. இன்னிக்காவது வயிறு ரொம்பட்டும்னு பாக்கறேன்."

இந்த ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் இதுதான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவேயில்லை.

உங்கள் வலது கை நடுங்க ஆரம்பித்து, சோறு வாய்க்குப் போகுமுன் மடியில் சிந்தத் தொடங்கிய நாட்கள் அவை. ஒரு சாயங்காலம் நீங்களே தட்டை என் பக்கம் தள்ளினீர்கள். "இன்னாத்தப் பாத்துக்கினு நிக்கற? உருட்டிக் குடு." நான் கையை விரித்துக் காட்டி, "ரேகைல கறுப்பு கீது அத்தை" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியல, குடு" என்றீர்கள். தெருமுனையில் போகிறவன் சட்டைக் கிழிசலைச் சொல்கிற கண்ணு உங்களுக்கு! அன்றிலிருந்து நான் ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்து என் கையில்தான் சாப்பிட்டீர்கள். கூடவே என்னிடமும் உங்கள் மகனிடமும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். "கலாகிட்ட சொல்லாதடி. கை வெளங்கலன்னு தெரிஞ்சா அழுவா. ஊரெல்லாம் உன் கைய நொட்ட சொல்லினு திரிஞ்சேன், இப்ப இன்னா மூஞ்சிய வச்சினு சொல்லுவேன்?"

அந்தச் சத்தியத்தைக் குழாயடியிலேயே உடைத்தேன். "கலா, உங்கம்மா பட்டினியாப் போவல. கை நடுங்கறத நீ பாத்தா அழுவன்னுதான் உன் முன்னாடி பசிக்கலன்னாங்க. நீ அந்தப் பக்கம் ரயிலேறப் போனதும், 'அவ போய்ட்டாளா, எடுத்துக்கினு வா'ன்னு ரெண்டு பங்கு துண்ணுவாங்க. இந்தக் கைதான் ஊட்டுச்சு. காரம் பத்தலன்னு திட்டு வேற."

அவள் முதலில் நம்பவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பங்கா?"

"மடவ மீன் கொழம்புன்னா மூணு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து துணி துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சரியான பேஜாரு புடிச்ச கெழவி" என்றாள். சொன்னது உங்கள் மகள், நான் இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் இன்னும் கலக்காத குழம்புச் சட்டி. என் முன்னால் வைத்து, "கூட்டுங்க அண்ணி" என்றாள்.

கூட்டினேன். படையலுக்கு ருசி பார்க்காமல் செய்வதால் உப்பு என்ன ஆகுமோ என்று பயம்தான். சரியாகவே இருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு நானும் கலாவும் அடுப்படியில் உட்கார்ந்தோம். அவள் இலையில் கையே வைக்கவில்லை. "இன்னா, புடிக்கலயா?" என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தாள். பிள்ளை பெற்றவள், ஆபீசுக்குப் போய் வருகிறவள், கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். மீனில் முள் எடுத்து, பிசைந்து, உருட்டிக் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிந்தது. காரம் என்றாள். நான் போட்ட காரம் எனக்குத் தெரியாதா?

உடைத்த சத்தியத்துக்குப் பதிலாக வேறொன்று செய்து தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் மகள் இந்த வீட்டிலிருந்து பசியோடு ரயிலேற மாட்டாள்.

உங்கள் மருமகள்,
அமுலு