மாடி அறைக்கு வந்த முதல் விருந்தாளிகள்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வாடகைக்கு விடும் எங்கள் மாடி அறைக்கு முதல் பயணிகளாகத் திருப்பூரிலிருந்து ஒரு தம்பதி மலேசியா வந்திருக்கிறார்கள். "குளுவாங்ல என்ன இருக்குனு வருவாங்க லா?" என்று, எங்கள் ஊரை நம்பி அறையை வாடகைக்கு விடலாம் என்றபோது கேட்டவர் என் கணவர்.

காலையில் அவர்களை லம்பாக் மலைக்கு அழைத்துப்போனேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மாவின் காலில் அட்டை வேறு. உச்சியைப் பார்க்காமலே திரும்பினோம்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"எதுக்கும்மா? கையைக் கடிக்காத, கூட்டமில்லாத வெளிநாடுனு தேடித்தானே வந்தோம். அடுத்துப் போறதா இருந்த சிங்கப்பூரை விட்டுட்டு இங்கயே இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமா?"

"தாராளமா இருங்க" என்று சொல்லிவிட்டேன்.

நாளை தொழிற்சாலையில் லீவு கேட்க வேண்டும். சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும். உச்சியைக் காட்டாமல் அவர்களை அனுப்பமாட்டேன்.