உன் மாமனின் டப்பாவும் அப்பாவின் கணையமும்

முதலிபாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் கலைமகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டுகிற அளவுக்கு நலமாக இருக்கிறோம். அங்கே அந்தக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் ‘மாமா பாவம்மா, நல்ல எண்ணத்துலதான் செஞ்சாரு’ என்று குறுக்கே வந்துகொண்டிருந்தாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன் மாமன் குழந்தைவேலுவை மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் நான் அவமானப்படுத்திவிட்டேன் என்று உனக்கு அவனே அழுதுகொண்டு சொன்னானாம். நான் செய்தது உண்மைதான், அவன் அழுததுதான் பொய்யாக இருக்கும். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், முழுதும் படித்துவிட்டு யார் பாவம் என்று நீயே சொல்.

போன ஆடியிலிருந்தே அப்பா இளைக்க ஆரம்பித்தார். பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட்டில் மிஷினுக்கு மிஷின் நடக்கிற வேலை, அதனால்தான் இளைக்கிறார் என்று நினைத்தேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார், சட்டை ஆணியில் மாட்டின மாதிரி தொங்கியது, சாப்பிட்டால் மேல்வயிறு வலித்து முதுகுவரை இழுத்தது. வெளிக்குப் போனால் எண்ணெய் மிதக்கிற மாதிரி போகிறது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போக மாட்டேன் என்கிறது என்பதை மூன்று மாதம் என்னிடமே மறைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துத்தான் உன் மாமன் வந்தான். முதலில் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின் விற்றான், பிறகு காந்தப் படுக்கை விற்றான், இப்போது டப்பாவில் அடைத்த என்சைம் கேப்சூல். அடிக்கிற வெயிலில் கழுத்தில் ஒரு டை வேறு. ‘எல்லா நோவுக்கும் ஒரே காரணந்தானுங்க அக்கா, செரிக்காத புரோட்டீன் ரத்தத்துல கசடாட்டம் ஓடுது, எங்க கேப்சூல வெறும் வயித்துல போட்டா அதெல்லாம் கரைஞ்சுபோகும், மச்சான் பருப்பு முட்டை மீனு எல்லாத்தையும் நிறுத்திப்போடட்டும்’ என்றான். பத்தாம் வகுப்பில் அறிவியல் பரீட்சையன்று கிரிக்கெட் பார்க்கப் போனவன் ரத்தத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தான், அப்பாவும் அதைக் கைகட்டிக் கேட்டார். அன்றிலிருந்து கஞ்சியும் பழமும்தான். நாலு மாதம். காலில் வீக்கம் வந்தது, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அதைக் காட்டினால் ‘நச்சு காலு வழியா எறங்குதுங்க, நல்ல அறிகுறி’ என்கிறான். ஒருத்தருக்குக் கால் வீங்குவதை நல்ல அறிகுறி என்று சொல்ல எவ்வளவு தடித்த தோல் வேண்டும் என்று யோசித்துப் பார்.

ஆனால் கண்ணு, அவனைவிடக் கேவலம் நான்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சாயப்பட்டறை லேப்பில் நிற்கிறேன். பனியன் துணியின் பிசிறை எடுக்க நாங்கள் தினமும் என்சைம்தானே போடுகிறோம். அதற்கு இவ்வளவு சூடு, இவ்வளவு அமிலப் புளிப்பு, இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு, சூடு ஏறினால் செத்துப்போகும், நேரம் தாண்டினால் பிசிறை விட்டுத் துணியையே தின்று இற்றுப்போக வைத்துவிடும். பருத்தியைத் தின்கிறது புரதத்தைத் தொடாது, புரதத்தை வெட்டுகிறது பருத்தியைத் தொடாது. ஒரே கேப்சூல் மூட்டுவலி, சர்க்கரை, சொரியாசிஸ் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துத் தீர்க்கும் என்று ஒருத்தன் சொல்கிறபோதே செருப்பைத் தேடியிருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் ஆயிற்றே என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்கழியில் அப்பா வேலையில் மயங்கி விழுந்தார், கூட வேலை செய்கிறவர்கள்தான் தூக்கி வந்தார்கள். கோயம்புத்தூரில் வயிற்று டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேனில் கணையம் பூராவும் கல். மல டெஸ்டில் கணையத்து என்சைம் ஏறக்குறைய இல்லவே இல்லை. டாக்டரம்மா பேப்பரில் படம் போட்டுச் சொன்னார்கள். நாம் தின்கிற புரதத்தை வயிற்றுப் புளிப்பில் ஒரு என்சைம் வெட்டத் தொடங்கும், ஆனால் பெரிய வேலை சிறுகுடலில் கணையத்து என்சைம்கள் செய்கிற வேலைதான், பொடிப்பொடியாக வெட்டினால்தான் உடம்பு உறிஞ்சும், அதிலிருந்துதான் சதை, அதிலிருந்துதான் புண் ஆறுவது, நோயை எதிர்க்கிற தெம்பு எல்லாம். அந்த என்சைமைக் கணையம் தூங்குகிற நிலையில்தான் செய்து அனுப்புமாம், குடலுக்கு வந்தபிறகுதான் அது முழிக்குமாம், உள்ளேயே முழித்துக்கொண்டால் கணையத்தையே தின்றுவிடும் என்றார்கள். எனக்கு எங்கள் துணி ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு வெட்டுகிற ஆள் இல்லை, வெட்டக் கொடுக்கிற பருப்பையும் முட்டையையும் இந்த மகான் நிறுத்திவிட்டான், ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் குறைந்து தண்ணீர் காலில் இறங்கிவிட்டது. அவன் கசடு என்று சொன்னானே, அதுதான் இல்லாமல் போயிருந்தது. பருப்பை நிறுத்தச் சொன்னது யாருங்க என்று கேட்டார்கள், தெரிந்தவர் என்றேன், என் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. நீங்க லேப்ல வேலை செய்யறவங்கதானே என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்கள் கண்ணு.

அவர்கள் எழுதிக் கொடுத்ததும் என்சைம் கேப்சூல்தான், ஆனால் வெறும் வயிற்றில் இல்லை, முதல் வாய்ச் சோற்றோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. வயிற்றுப் புளிப்பில் சாகாமல் இருக்க உள்ளே இருக்கிற மணிகளுக்கு மேல்பூச்சு உண்டு, சோற்றோடு கலந்து போனால்தான் வேலை. முட்டை, பருப்பு, மீன் எல்லாம் திரும்பி வந்தன. மூன்று வாரத்தில் வீக்கம் வடியத் தொடங்கியது. உன் மாமன் அதோடு விட்டானா? வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்து, போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, ‘மச்சான், அது பன்னியோட கணையத்துல எடுக்கறதுங்க, நீங்க பழனிக்கு நடக்கறவரு, எங்களுது பூரா மூலிகைங்க’ என்றான். அவன் வாழ்நாளில் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான், அதையும் கொல்வதற்குத்தான் சொன்னான். தைப்பூச விரதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா எட்டு நாள் கேப்சூலை என் கண்ணுக்குத் தெரியாமல் ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறார். மறுபடி வலி, மறுபடி எண்ணெய். முருங்கைச் செடிக்கடியில் கேப்சூல்களைக் கண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன், ‘அடுத்த பூசத்துக்கு நடக்கோணும்னா காலு வேணுமில்லீங்க, முருகன் கோவிச்சுக்கறதுன்னா எம்மேல கோவிச்சுக்கட்டும், நாந்தான் ஊட்டி உட்டேன்னு நானே சொல்லிக்கிறேனுங்க’ என்று. அப்பா வாயைத் திறந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி ரசத்தை எடுக்கப் போய்விட்டேன்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். சித்திரையில் உன் மாமன் போன் பண்ணி, சின்ன விசேஷம், மச்சானும் நீங்களும் வந்துட்டுப் போங்க என்றான். ஊத்துக்குளி ரோட்டில் கல்யாண மண்டபம், உள்ளே கல்யாணமும் இல்லை காதுகுத்தும் இல்லை, டை கட்டினவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் பேச ஆரம்பிக்கும் முன்பே கை தட்டுகிற கூட்டம். மேடையில் பெரிய திரை, அதில் அப்பாவின் வீங்கின கால், பக்கத்தில் இப்போது இருக்கிற கால். நம் வீட்டுக் கட்டிலில் வைத்து எடுத்த படம். ‘எங்க என்சைமால மறுபிறவி எடுத்த எங்க மச்சான் தரணீதரன்’ என்று மைக்கில் கூப்பிடுகிறான். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், எழுந்து நின்று விழித்துக்கொண்டிருந்தார். நான் போய் மைக்கை வாங்கினேன். கத்தவில்லை. கணையத்தில் கல் என்றேன், டெஸ்டைச் சொன்னேன், எந்த மருந்து, எப்போது போடுவது என்று சொன்னேன், இவன் கேப்சூலைத் தின்ற நாலு மாதத்தில் வீங்கினதுதான் அந்த முதல் படத்தில் இருக்கிற கால் என்றேன். பிறகு அவனைப் பார்த்து, ‘உன்ற கேப்சூல் வயித்துப் புளிப்புல என்ன ஆகும், சொல்லு தம்பி’ என்று கேட்டேன். ‘அக்கா, ஊட்டுல போயிப் பேசிக்கலாமுங்க’ என்றான். ‘ஊட்டுல நாலு மாசம் நீ பேசித்தானே இவரு விழுந்தாரு’ என்றேன். அவ்வளவுதான் கண்ணு அவமானம்.

பெரிய புரட்சி நடந்துவிட்டது என்று நினைக்காதே. பத்துப் பேர் எழுந்து போனார்கள், மீதிப் பேர் டீயும் போண்டாவும் முடித்துவிட்டு டப்பா வாங்கினார்கள், அவர்களுக்கு டாக்டரைவிட டை கட்டினவனைத்தான் பிடித்திருக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற பாண்டியம்மாள் என்கிற ஒருத்தி மட்டும் வெளியே ஓடி வந்து, அவள் புருஷனுக்கும் இதே மாதிரி போகிறது என்று காதோடு சொல்லி டாக்டரம்மா முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். போன வாரம் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். நான் போனதற்கு அது போதும். உன் மாமன் என்ன சொல்கிறான் தெரியுமா, மச்சானைக் குணப்படுத்தியது என்சைம்தானே, நானும் என்சைம் என்றுதானே சொன்னேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். இதற்கு என்ன பெயர் வைப்பது? நல்ல எண்ணம் என்கிறாய். நல்ல எண்ணம் உள்ளவன் மச்சான் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பான், அவன் மூன்றாம் நாள் வந்து புது டப்பாவைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான். அவனுக்காகப் பேச இனி எனக்குப் போன் செய்யாதே. அவன் பெண் கல்யாணத்துக்கு நீ வா, நான் வருவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

அப்பா நாலு கிலோ ஏறியிருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் குழந்தைவேலு பெயரை அடித்துவிடச் சொல்லுவார்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். இந்த நோய் சில குடும்பங்களில் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். நீ பன்னிரண்டாவது படிக்கும்போது சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வாயே, பரீட்சை பயம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உன்னைத் திட்டி எழுப்பினேன். அதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். அங்கே டாக்டரிடம் அப்பாவின் நோயைச் சொல்லி டெஸ்ட் எடுத்துக்கொள், வருகிற திங்கட்கிழமையே போ. முருகன் உன் வயிற்றில் கை வைத்துக் காக்கட்டும், நூறு வயது நல்லபடி இரு. இப்போதும் வலிக்கிறதா என்று நான் போனில் கேட்டால், இல்லைம்மா என்று உடனே சொல்லிவிடாதே, யோசித்துச் சொல்.

உன் அம்மா,
ஜெயசுதா