புளியில் சிவந்த செம்பு

நீங்கள் கண்மூடி ஒரு வருசம், இண்டைக்கு உங்கட ஆட்டைத் திவசம். செம்பு மினுக்கப் பழப்புளி கரைச்சனான். அந்த மணம் மூக்கில ஏறினதும் அழுகை வருமெண்டு நினைச்சன். கோவம்தான் வந்தது.

அண்டைக்கும் இதே மணம்தான். வேலையால வந்து குசினிக்குள்ள கால் வைச்சால், சாமிக்குத் தண்ணி வைக்கிற பித்தளைச் செம்புக்குள்ள புளித்தண்ணி. அதுக்குள்ள சுட்டு முடிஞ்ச துப்பாக்கி ரவைக்கோதுகள். நீங்கள் பருப்புக் கடையிற மாதிரிக் கரண்டியால கிண்டிக்கொண்டு நிக்கிறியள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரோ?"

"புளி போட்டால் பித்தளை பளபளக்குமெண்டு நீதானே சொல்லுறனி."

"நான் விளக்குக்குச் சொன்னனான். துவக்குக்கில்லை."

இஞ்ச ஜேர்மனியில, எசனில உங்களோட வேலை செய்த ஹெல்முட், துவக்குச் சுடுற சங்கத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போன நாளிலயிருந்தே எனக்கு வயித்தெரிச்சல். அவர் வெறுங்கோதுக்கு வீட்டில திரும்ப வெடிமருந்து அடைக்கிறவர். அதுக்கு நீங்கள் மினுக்கின கோதுதான் வேணுமாம். சனிக்கிழமையில ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேசையில கொட்டுவியள். கிலுகிலு எண்டு அந்தச் சத்தம்.

ஊரில எங்கட படலையடியில என்ர தம்பியைச் சுட்டுப்போட்டுப் போனாங்கள். அண்டைக்கு மண்ணுக்குள்ள கிடந்த கோதுகளை நீங்கள் வாளிக்குள்ள பொறுக்கிப் போட்ட சத்தமும் அதுதான். அப்ப நீங்கள் எங்களுக்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். "உங்கட அம்மான்ர காலில மிதிபடக் கூடாது" எண்டனீங்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்களைக் கட்டினனான். அப்பிடிப்பட்ட மனிசன் இஞ்ச வந்து தானே துவக்குத் தூக்கினால் நான் என்னெண்டு பொறுக்கிறது?

அந்தமுறை கோதுகளைப் புளியில போட்டிட்டு மறந்துபோனியள். விடியப் பார்த்தால் எல்லாம் மீன் செவுள் மாதிரிச் சிவந்து கிடக்குது. பித்தளை பலமிழந்துபோச்சு, மருந்தடைச்சால் கிழிஞ்சிடும் எண்டு ஹெல்முட் எறியச் சொல்லிப்போட்டார். செம்பின்ர உள்பக்கமும் சிவந்துபோச்சு. நான் ஒரு கிழமை உங்களோட கதைக்கேல்ல. நீங்களும் ஒண்டும் விளங்கப்படுத்தேல்ல. "வெறும் பித்தளையடி" எண்டதோட சரி.

போன கிழமை ஹெல்முட் மிச்சக் கோதுகளை எடுக்க வந்தவர். எனக்குத் தெரிஞ்ச டொச்சில கேட்டன், "என்ர மனிசன் நல்லாச் சுடுவாரோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவர் ஒருக்காலும் சுடேல்லையே. நாங்கள் சுட்டு முடிய, குனிஞ்சு குனிஞ்சு கோது பொறுக்குவார். ஒண்டுகூட நிலத்தில கிடக்க விடமாட்டார். உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது! முப்பது வருசம் ஒண்டா இருந்தும் தெரியாது. ஹெல்முட் வந்து சொல்லித்தான் எனக்கு என்ர மனிசனைத் தெரியவேணுமோ? "நான் சுடுறேல்லையடி" எண்டு சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? ஒரு கிழமை நான் வாய் திறக்காமல் திரிஞ்சதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்? இப்ப நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?

தேய்ச்சுத் தேய்ச்சுக் கை நோகுது. செம்பு வெளியில பளபளக்குது. உள்ளுக்கு அந்தச் சிவப்பு மட்டும் போகுதில்லை. "அம்மா, புதுசு ஒண்டு வாங்குவம்" எண்டு மகள் சொல்லுறாள். ஏலாது எண்டிட்டன். இதுக்குள்ளதான் உங்கட படத்துக்கு முன்னால தண்ணி வைக்கப்போறன்.

குடிச்சுப் பாருங்கோ. புளிச்சால் புளிக்கட்டும்.