மீன் இல்லாத ஐஸ்

செப்டம்பர் 9, செவ்வாய். மடுல்சீமை

காலையிலிருந்து காற்று. மழை இல்லை. தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

செய்ய வேண்டியவை: 1. பரல். 2. வெப்பமானி. 3. ஐஸ். 4. அம்மா.

பரல் கிடைத்தது. பக்கத்து லயத்து நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், போன திருவிழாவில் மோர் கரைத்தது. கழுவியும் புளிப்பு வாடை. தங்கச்சி ரேணு இடுப்பளவு இறங்கலாம். பைப் தண்ணீர் 20 பாகை. ஓடிய கால் தேற எனக்கு 12 வேண்டும். பத்து நிமிடம்.

சனிக்கிழமை பதுளையில் மாகாணப் போட்டி, 1500 மீற்றர் முதல் சுற்று. ஞாயிறு இறுதி. இடையில் ஒரே இரவு. கால் தேறாவிட்டால் அவ்வளவுதான். இறுதியில் முதல் இரண்டு இடம் என்றால் கொழும்புக் கம்பெனி ஒன்று தன் அணியில் எடுக்கிறது, வேலையும் விடுதியும் சேர்த்து. இல்லையென்றால் திங்கள் காலை ரேணு தோட்டத்துப் பெரட்டுக்குப் போய், ஆள் கணக்கில் பெயர் கொடுத்துவிட்டு, கொழுந்துக் கூடையோடு மலை ஏற வேண்டும். மூன்று வருடமாக ஏறுகிறாள். வயது பத்தொன்பது.

அம்மா: "ஓடி வந்த ஒடம்பு கொதிச்சுக் கெடக்கும். பச்சத் தண்ணியில எறக்குனா ஜன்னி வராதா?"

பிசியோதெரபி நான்கு வருடம் படித்தேன். வீட்டில் ஒருவரும் என்னை நம்புவதில்லை.

செப். 10, புதன்

ஒரு முறையாவது பழகிப் பார்க்க வேண்டும். ஐஸுக்குப் பசறை. மீன்கடைக்கார நானா சாக்கில் மரத்தூள் போட்டுக் கட்டினார்.

"மீன் என்ன தம்பி?"

"மீன் வேணாம் நானா. ஐஸ் மட்டும்."

அவர் முகம் மாறியது. கத்தியைக் கீழே வைத்தார். இன்னொரு கட்டியும் தானாகவே போட்டார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். மடையன் நான்.

பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைத் தானே தூக்கி முன்னால் வைத்தான். ஒரு பாட்டா எழுந்து இடம் கொடுத்தார். பின் சீட்டில் ஓர் அம்மா, "எந்த லயம்னு கேளுடி" என்றது காதில் விழுந்தது. அப்போதும் உறைக்கவில்லை.

செய்தி போனில் எனக்கு முன்னால் மலை ஏறியிருக்கிறது. வீட்டு வாசலில் எட்டுப் பொம்பளைகள். இரண்டு பேர் ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். நடுவில் ரேணு, தேத்தண்ணிக் கோப்பையோடு: "அண்ணே, செத்தது அம்மாவா இல்ல நானானு இவங்க கேக்குறாங்க. என்னா சொல்ல?"

எங்கள் மலையில் மீன் இல்லாமல் ஐஸ் வாங்குவது ஒன்றுக்குத்தான். கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை பிணத்தை வைக்க. எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நானே வாங்கியிருக்கிறேன். எப்படி மறந்தேன்?

அம்மா சாக்கை வாசல் சாக்கடைக் கானில் கொட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உயிரோட நிக்கிற புள்ளைய ஐஸ்ல வைக்கப் பாக்குறியாடா, பாவி?"

செப். 11, வியாழன்

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது.

படம் போட்டு விளக்கினேன். இரத்தக் குழாய், வீக்கம், எல்லாம். படத்தை மடித்து அடுப்பு விசிறினாள்.

ரேணு: "நான் எறங்குறேண்ணே. ஆனா அம்மா அழுதா எறங்க மாட்டேன்."

"அப்ப தோத்துட்டு வா."

சொல்லியிருக்கக் கூடாது. காற்று இன்னும் ஓயவில்லை.

செப். 13, சனி. பதுளை

சித்தி வீடு. மூவரும் ஒரே அறை.

முதல் சுற்றில் ரேணு மூன்றாவது. இறுதிக்குத் தகுதி. ஆனால் கெண்டைக்கால் கல். சித்தி வீட்டுப் படியில் பக்கவாட்டாக, சுவரைப் பிடித்து இறங்கினாள். நாளை காலை ஒன்பதுக்கு ஓட வேண்டும். ஐஸ் பேச்சை நான் எடுக்கவில்லை.

அம்மா அவள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசிப் படியில் ரேணு உட்கார்ந்துவிட்டாள்.

"டேய்."

மூன்று நாளில் முதல் சொல்.

"மார்க்கெட்டுக்குப் போ. ஐஸ் வாங்கு. கூட மீனும் வாங்கு. ஐஸ மீன் மேல போட்டுக் கொண்டா. அப்ப அது மீனுக்கு வாங்குன ஐஸு."

"ஐஸ் எல்லாம் ஒண்ணுதான்மா."

"உனக்கு ஒண்ணு. போடா."

ஒரு கிலோ சாளை. அதன் மேல் முக்கால் சாக்கு ஐஸ். கடைக்காரன் சிரித்தான்.

சித்தியின் உடுப்பு ஊறவைக்கும் பெரிய பேசின். 13 பாகை. தண்ணீரில் செதில் மிதக்கிறது. சித்தியின் பூனை சுற்றிச் சுற்றி வருகிறது. ரேணு கெட்ட வார்த்தை சொன்னாள், எங்கே படித்தாள்? அம்மா அவள் தலையில் கை வைத்தபடி குந்தியிருந்தாள். ஆறாம் நிமிடம் அம்மா அழுதாள்.

"போதும்டா, தூக்குடா."

"இரும்மா," என்றாள் ரேணு, பல் கிடுகிடுக்க. "மணியப் பாரு."

பத்து நிமிடம். முழுசாக.

செப். 14, ஞாயிறு

இரண்டாவது!

கடைசி வளைவு வரை நான்காவது. பிறகு நான் பார்க்கவில்லை. அம்மா கத்தியதில் தெரிந்தது.

ஐஸ் வேலை செய்ததா? தெரியாது. ஓடியது ஒரே ஆள், ஒரே தடவை. ஒப்பிட எதுவும் இல்லை. இதை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

கம்பெனிக்காரர் ரேணுவின் அடையாள அட்டையைப் படம் எடுத்துக்கொண்டார். கடிதம் இரண்டு வாரத்தில் வருமாம். "வருமாம்" என்று நூறு முறை அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன். கையில் வந்தால்தான் நிச்சயம், அதுவரை வேலைக்குப் போகட்டும், யாரிடமும் மூச்சு விடாதே.

பஸ் பசறை தாண்டவில்லை. அம்மா போனை எடுத்துத் தோட்டத்துக் கங்காணியைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு ரேணு வராதுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேள்வி. எத்தனை நாளைக்கு என்றிருக்கும்.

"இல்லைங்க. பேர வெட்டிருங்க."