ஜன்னல் அடைத்த பெட்டி

ஊரப்பாக்கம்,
லெந்து தவக்காலம், இரண்டாம் வாரம்.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ரூத் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அத்தையும் நானும் மூன்று வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்று போனில் சொல்கிறீர்கள். அதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைக்காதீர்கள். போனில் நான் பேச்செடுத்தால், சத்தம் சரியாகக் கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பாருங்கள். கடப்பாக்கத்து மோசஸ் அண்ணன் லீவு முடிந்து வளைகுடாவுக்கு, சோஹாருக்குத் திரும்புகிறார். உங்களோடு ஒரே துறைமுகத்தில் வேலை செய்கிறவர் ஆயிற்றே, கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கூடவே ஒரு பார்சலும் வரும். அதை அப்புறம் பிரியுங்கள். முதலில் இதைப் படித்து முடியுங்கள்.

அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை. தைலம் தேய்த்துவிட்டால் அரைநாள் நடக்கிறார்கள், மீதி அரைநாள் என்னை நடக்கவைக்கிறார்கள். ஈஸ்டர் பண்டிகை நெருங்குவதால் தையல் குவிந்து கிடக்கிறது. தெருவில் பாதிப்பேருடைய ரவிக்கை என் மேஜைமேல்தான் இருக்கிறது.

உங்கள் பொம்மை ரயில் அறையை நான் பூட்டி வைத்திருக்கவில்லை. தினமும் மத்தியானம் தையலை நிறுத்திவிட்டு அங்கே போய்க் கொஞ்சநேரம் உட்காருகிறேன். மூன்று மேஜையைச் சேர்த்துப் போட்டு, செங்கல்பட்டிலிருந்து ஏரிக்கரை வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கடப்பாக்கம் வரைக்கும் தண்டவாளம் போட்ட மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். நிஜத்தில் இல்லாத பாதை. ஆனால் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, அது எப்போதும் இருந்ததுபோலவும், நான்தான் ஏறாமல் விட்டுவிட்டதுபோலவும் தோன்றுகிறது. ஜன்னல் வெயில் அந்தக் கண்ணாடி ஏரிமேல் விழும்போது தண்ணீர் அசைகிற மாதிரியே இருக்கும். ஒருநாள் கையை உள்ளே விடப் போய்விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கார்களை ஏற்றிப்போகும் ரயில்பெட்டி ஒன்று வேண்டும் என்று எத்தனை வருஷம் தேடினீர்கள்! எந்தக் கடையிலும் கிடைக்காது, எவனும் செய்யமாட்டான், கையாலேயே செய்தால்தான் உண்டு என்று புலம்புவீர்கள். எனக்கு அப்போது அது காதிலேயே ஏறவில்லை. போன மாதம் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் நிற்கும்போது அந்த வண்டி போனது. பச்சைப் பெட்டிகள். எல்லா ஜன்னலுக்கும் தகடு அடித்து மூடியிருந்தது. அவ்வளவு நீளமும் கண்ணில்லாமல் போனது. ஒருகாலத்தில் அதில் ஆட்கள் போனார்கள், வயசானதும் சீட்டைப் பிடுங்கி, ஃபேனைக் கழற்றி, ஜன்னலை அடைத்து, உள்ளே சரக்கை ஏற்றிவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. மாமா, கேட் திறந்தும் நான் நகரவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரன், இன்னாம்மா தூங்கிகினு கீறியா என்று கத்தினான். எனக்கு உங்கள் நினைப்பு. இனிமேல் அங்கே வந்து நான் என்ன செய்ய, இங்கேயே பழகிவிட்டது என்று அதற்கு முந்தின ராத்திரிதான் போனில் சொல்லியிருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய உட்கார்ந்துவிட்டேன். நாவலூரில் இருக்கிற உங்கள் ரயில் கூட்டாளி பக்தவத்சலம் சாருக்குப் போன் போட்டு அளவு கேட்டேன். நிஜப் பெட்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்றார். ரவிக்கைக்கே அளவெடுக்கிறவளுக்கு ரயில் என்ன பெரிய கம்பசூத்திரமா? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை எடுத்து, பேப்பரில் வரைந்து, கத்தரியைப் போட்டேன். துணியில் புள்ளி வைக்கிற ட்ரேசிங் வீலை அட்டையின் உள்பக்கம் உருட்டினேன். மறுபக்கம் வரிசையாக ஆணி அடித்ததுபோல் எழும்பிக்கொண்டது. கதவுக் கைப்பிடிக்கு ரவிக்கைக் கொக்கி. கூரைக்குக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸ். நானே மெச்சிக்கொண்டேன் போங்கள்.

கொண்டுபோய்த் தண்டவாளத்துக்கு மேலே பிடித்துத் தள்ளினால், மாமல்லபுரம் பிளாட்பாரத்தில் இடித்து நின்றுவிட்டது. நீங்கள் கட்டின பிளாட்பாரம்தான் கோணல் என்று நான் சாதித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அத்தை முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். பக்தவத்சலம் சார் நான் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஏம்மா பெட்டி மாசமாக இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். அப்புறம்தான் புரிந்தது. பழக்கதோஷத்தில், தையலுக்கு விடுவதுபோல் நாலு பக்கமும் கால் இஞ்ச் விட்டு வெட்டியிருக்கிறேன்! அட்டையை யார் மடித்துத் தைக்கப்போகிறார்கள்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பிரித்து மறுபடி தைப்பது எனக்கென்ன புதுசா? திரும்ப வெட்டினேன்.

எல்லாம் ஒட்டி, பச்சை அடித்து, கடைசியில் ஜன்னல்களை அடைக்கிற வேலைதான் பாக்கி. ஒவ்வொன்றாக அட்டைத்துண்டை வைத்து ஒட்டும்போது கை கனத்துப்போனது. அன்று மத்தியானம் அங்கேயே கண் அசந்துவிட்டேன். கனவில் நான் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறேன். இருட்டு. புதுக் கார்களின் ரப்பர் வாசனை. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. திருக்கழுக்குன்றம் தாண்டிவிட்டதென்று எப்படியோ தெரிகிறது. அப்புறம் சக்கரச் சத்தம் மெல்ல அலைச்சத்தமாக மாறி, மணல்மேல் போகிற மாதிரி வண்டி மெத்தென்று போகிறது. அடுத்த காரில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இறங்கலாம் வாங்க, கடல் வந்துவிட்டது என்கிறேன். இதுவே பழகிவிட்டது ரூத் என்கிறீர்கள். அழுதுகொண்டே எழுந்தேன். அத்தைகூட அன்றைக்குச் சண்டைக்கு வரவில்லை, காபி போட்டுக் கொடுத்தார்கள்.

மாமா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்குள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றீர்கள். கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள். மறைமலைநகரிலும் மகேந்திரா சிட்டியிலும் உங்களைப்போல் கிரேன் ஓட்ட ஆள் கேட்கிறார்கள், மோசஸ் அண்ணனே விசாரித்துவிட்டு வந்தார். இங்கே இருக்கும் ஆயிரம் பேருக்குப் பிழைப்பு நடக்கவில்லையா? என் தையல் இல்லையா? நீங்கள் இல்லாமல் எங்களுக்கும் பழகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று சோறு வடிக்கும்போதுதான் பார்த்தேன், யோசிக்காமலே இரண்டுபேருக்குத்தான் அரிசி போட்டிருந்தேன். கல்யாணமானதிலிருந்து, நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும், ஒரு கை கூடத்தான் போடுவேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இனிப் பார்சலைப் பிரிக்கலாம். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சக்கரம் எங்கே என்று மோசஸ் அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் தொலைக்கவில்லை. பக்தவத்சலம் சார் கொடுத்த நாலு ஜோடிச் சக்கரமும் என்னிடம்தான் இருக்கின்றன. உங்களுக்கு அங்கேதான் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதையும் அனுப்பிவிடுகிறேன், பெட்டி முழுசாக உங்களோடேயே இருக்கட்டும். வருகிறீர்கள் என்றால் ஒன்றும் சொல்லவேண்டாம். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து இறங்குங்கள்.

கர்த்தர் இத்தனை நாளும் உங்கள் போக்கைக் காத்தார். இனி உங்கள் வரவைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்று மூன்று பேருக்கு உலை வைத்திருக்கும்,
ரூத்.